கடைசியாக வருகிறவர் கால்

"துணியை அவிழ்த்துக் காட்டுங்கக்கா," என்றாள் ஞானபூரணி.

"அவுத்தா மறுபடி கட்ட நேரமாகும் நர்சம்மா. அங்கன லோடு நிக்கிது. மேலாப்புல மருந்த ஊத்தி விடுங்க, போதும்," என்றாள் பாலம்மாள்.

ஞானபூரணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலம்மாளின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாலம்மாள் பதறிப்போய்க் காலை இழுத்தாள்.

"என்ன தாயி இது? காலப் போயி மடியில வச்சுக்கிட்டு? எனக்கு எந்தக் கோயில்ல மன்னிப்புக் கெடைக்கும்?"

"ஆடாம இருங்க."

சுற்றியிருந்த பழைய வேட்டித் துண்டு பிரியப் பிரிய, உள்சுற்றுகள் ஈரமாக இருந்தன. குதிகாலில் பல வருடத்துத் தீக்காயத் தழும்பு. அந்தத் தழும்பின் நடுவில், வெயிலில் கரிசல் தரை வெடிக்கிற மாதிரி ஒரு வெடிப்பு. வெடிப்பின் அடியில் சிவப்பாக ஒரு குழி.

"எப்ப இருந்து இப்படி?"

"ஆவணிக் கடேசின்னு வைங்களேன். முள்ளு கிள்ளு குத்திருக்கும்னு இருந்துட்டேன்."

"வலிக்கலையா?"

"வெந்த தோலுக்கு ஏது வலி? நடந்தா மட்டும் கெண்டைக்கால் வரைக்கும் ஏறும். அப்புறம் எறங்கிரும்."

"இதை வச்சுக்கிட்டு நடக்கக் கூடாதுக்கா."

"நான் எங்க நடக்கேன்? ஒக்காந்த எடத்துல திரி வைக்கிற வேல."

"நான் திருச்செந்தூர் நடையைச் சொல்றேன்."

 ஞானபூரணி பஞ்சை மருந்தில் நனைத்துக் குழியைச் சுத்தம் செய்தாள். புதுத்துணி சுற்றும்போது பாலம்மாள் கேட்டாள்.

"ஒரே மூச்சுல எம்புட்டுத் தூரம் நடக்கலாம்?"

"நடக்கவே கூடாது."

"அது ஆஸ்பத்திரிப் பேச்சு. நீங்க ஒங்க பேச்சாச் சொல்லுங்க."

ஞானபூரணி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். "இங்க இருந்து கண்மாய்க் கரை வரைக்கும். அப்புறம் உட்காரணும். காலை உசரத் தூக்கி வச்சு உட்காரணும்."

பாலம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கண்மாய்க் கரைக்கு ஒருக்க ஒக்காந்தா அடுத்த தீவாளிக்குத்தான் திருச்செந்தூர் போய்ச் சேருவோம்."

"அப்ப வண்டியில வாங்க. உங்க வீட்டுக்காரர் ஓட்டுற வண்டிதானே?"

"வண்டியில ஒக்காந்தவளுக்கு நடக்குறவுக காலு எப்பிடித் தெரியும்? என்னைய வண்டியில ஏத்திட்டா அந்தச் சீனிச்சாமி தங்குற எடம் பாப்பான். டீக்கடை எங்க இருக்கோ அங்கனதான் எல்லாரும் படுக்கணும்." எழுந்து நின்று, புதுக்கட்டின் மேல் மெதுவாகக் காலை ஊன்றிப் பார்த்தாள். "நல்லாருக்கு. இது நமக்குள்ளயே இருக்கட்டும், என்ன?"

"சரி" என்று சொல்லிவிட்டாள் ஞானபூரணி. சொன்ன பிறகு அந்த வாரம் முழுக்க அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

தாயில்பட்டியில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா தேவாசீர்வாதம் விருதுநகரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நர்ஸ் படிப்பு முடித்ததும் டவுன் ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று இருந்தவளுக்கு, கிடைத்தது ஓலைக் கொட்டகைகளுக்கும் ஒற்றை அறைக் கட்டடங்களுக்கும் நடுவே ஒரு மருந்து அறை. ஒரு மேஜை, ஒரு கட்டில், களிம்பு டப்பாக்கள். டாக்டர் வாரம் ஒரு முறை வந்து இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டுப் போவார். அதைத் தமிழில் எடுத்துச் சொல்லிக் காயத்துக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். அதனால்தானோ என்னவோ, கம்பெனிப் பெண்கள் தங்கள் பேச்சையெல்லாம் அவளிடம் கொட்டினார்கள்.

பாலம்மாளைப் பற்றி அவள் முதலில் கேள்விப்பட்டதும் அப்படித்தான். மல்லாங்கிணற்றில் பிறந்தவள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் நிலம் தரிசாகக் கிடக்க, தாயில்பட்டியில் வாக்கப்பட்டு, முதலில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அங்கே ஒரு நாள் குச்சிக் கட்டு பற்றிக்கொண்டது. ஒற்றை வாசல் கட்டடம். எரிகிற சாக்கை மிதித்துத்தான் வெளியே வர முடிந்தது. அந்தக் கால்தான் இந்தக் கால். அதற்குப் பிறகு பட்டாசுக்கு மாறினாள். பட்டாசுக் கட்டடங்களுக்கு எதிரும் புதிருமாக இரண்டு வாசல் இருக்க வேண்டும் என்பது சட்டம். "பட்டாசு ஆபத்தும்பாக. ரெண்டு வாசல் இருக்கே, அது போதாதா?" என்பாள்.

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தலை சொறிய நேரம் இருக்காது. சீசன். ஆர்டர் மேல் ஆர்டர், லோடு மேல் லோடு. ஊருலகமெல்லாம் வெடி வெடிக்கிற அந்த நாள் வந்ததும் கம்பெனி மூடிக்கொள்ளும். வெடி செய்தவர்களுக்கு வெடிச் சத்தமே வேண்டாம் என்று இருக்கும். மறுநாள் காலையில் ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் போய்ச் சேருகிற கூட்டம். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி, அப்புறம் கடற்கரை ஓரமாகவே நடை. கடற்கரையில் முருகன் சூரனை வதம் செய்கிற சூரசம்ஹாரத்தைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் எல்லாருக்கும் கணக்கு. அரிசி, பருப்பு, பாய், விறகு எல்லாம் பாலம்மாளின் புருஷன் ஊர்க்காவலன் ஓட்டுகிற மாட்டு வண்டியில் முன்னால் போகும். எங்கே நின்று சமைப்பது, எங்கே படுப்பது, எங்கே என்ன வாங்குவது என்பதெல்லாம் பாலம்மாள் பொறுப்பு. யார் அவளிடம் அதைக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. முதல் வருடம் கூட்டம் தூங்கப் படுத்த இடத்தில் அவள் மட்டும் முனகிக்கொண்டே இருந்தாளாம். அடுத்த வருடம் அவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆவணியில், சீசன் சூடு பிடிக்கும் முன், புருஷன் வண்டியில் ஏறி அவள் ஒரு முறை பாதை முழுக்கப் போய் வருவாள். கரிசல் காட்டில் ஐப்பசி மழையில் நடப்பது லேசில்லை. சேறு காலோடு அப்பிக்கொண்டு ஆளுக்கு ஆள் ஒரு படி மண்ணைச் சுமக்க வேண்டும். அதனால் படுக்கிற இடம் சரள் தரையாக இருக்க வேண்டும். பெண்கள் விடியும் முன் ஒதுங்கப் பக்கத்தில் மறைவு இருக்க வேண்டும். கட்டடத்துக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். எத்தனை பெரிய கல் மண்டபமானாலும் ஒற்றை வாசல் என்றால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். எல்லாவற்றையும்விட முக்கியம், கிணற்றுத் தண்ணீர். அந்தக் காட்டில் பாதி ஊர் உப்புத் தண்ணீர். குடித்துப் பார்த்தால் மட்டும் போதாது, எதிர்வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட்டுக் கேட்பாள்: "தாயி, இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?" "வேகும்" என்று பட்டென்று பதில் வந்தால் அது தங்கும் ஊர். "செத்த நேரமாகும்" என்றால் தண்ணீர் குடித்துவிட்டு நடக்கிற ஊர்.

தூரத்துக்கு அவள் வைத்திருந்த அளவு ஒன்றே ஒன்றுதான். ஆயுத பூஜையன்று, கம்பெனி விடுமுறையில், நடக்கப் பேர் கொடுத்தவர்களை வெம்பக்கோட்டை வைப்பாற்று மணல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவாள். முன்னால் ஓடுகிறவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டாள். எல்லாருக்கும் பின்னால் நடந்து, கடைசி ஆள் எப்படி வருகிறார் என்று பார்ப்பாள். "யாரு கடேசியா வாராகளோ, அவுக காலுதான் நமக்கு அளவு," என்பாள். அந்தக் காலுக்குத் தக்கபடி இரண்டு ஊரைச் சேர்ப்பாள், ஓர் ஊரை விடுவாள்.

அந்த வருடம் ஆயுத பூஜை நடையில் கடைசியாக வந்தவள் பாலம்மாள்தான். யாருக்கும் அது தெரியவில்லை. அவள் எப்போதும் கடைசியாக வருகிறவள்தானே?

முந்தின வருடம் வழியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டதால், இந்தத் தடவை மருந்துப் பெட்டியோடு நர்சையும் அனுப்புவதென்று முதலாளி முடிவு செய்திருந்தார். ஞானபூரணி வீட்டில் கேட்டபோது, தேவாசீர்வாதம் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "கோயிலுக்குள்ள போகணும்னு கட்டாயம் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். "இல்லப்பா." "அப்ப நல்ல குடையா ஒண்ணு எடுத்துக்கோ."

தீபாவளிக்கு மறுநாள் கிளம்பியவர்களுக்குச் சாத்தூர் வரைக்கும் களைப்பே தெரியவில்லை. பேச்சும் சிரிப்புமாகப் போனார்கள். சாத்தூரில் காரச்சேவு வாங்கினார்கள். எத்தனை நாள் ஆனாலும் கெடாது, மழையில் நனைந்தவர்களுக்குக் காரம் இதமாக இருக்கும் என்பது பாலம்மாள் கணக்கு. வெடி மருந்து கலக்கும் பகுதியில் போர்மேனாக இருந்த சீனிச்சாமிதான் வழக்கம் போலச் சண்டையைத் தொடங்கினான். அவனுக்கு வாய் நீளம், கால் அதைவிட நீளம்.

"ஏன் மதினி, நள்ளியில போயி நிப்பாட்டுறீகளே, அங்கன என்ன இருக்கு? ஒரு ஸ்டேசன் இருக்கு, ஒரு நாய் இருக்கு. இன்னும் ரெண்டு எட்டு வச்சா கோவில்பட்டி. சுடச்சுட டீ."

"நள்ளியில பருப்பு வேகும்லே."

"பருப்பு வேகும், பருப்பு வேகும்! நாங்க சாமி கும்பிடப் போறோமா, சாம்பார் வைக்கப் போறோமா?"

"சாம்பார் இல்லாம நீ சாமி கும்பிட்டத நானும் பாத்திருக்கேன்லே. போன வருசம் எட்டயபுரத்துல தலை சுத்தி விழுந்தவன் யாரு?"

கூட்டம் சிரித்தது. சீனிச்சாமியும் சிரித்தான். ஞானபூரணி மட்டும் பாலம்மாளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் முழுப் பாதம் ஊன்றி நடந்தவள், மதியத்துக்கு மேல் முன்பாதத்தில் நடந்தாள்.

நள்ளியில் எல்லாரும் கிணற்றடிக்குப் போன சமயம், ஞானபூரணி அவளை வண்டிக்கு மறுபுறம் உட்கார வைத்துக் காயத்தின் கட்டை மாற்றினாள். ஊர்க்காவலன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் ஞானபூரணிக்குப் புரிந்தது.

"வண்டியில ஏறிருங்கக்கா. நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

"வருசம் பூராவும் குனிஞ்சே ஒக்காந்து திரி வைக்கிறவ நானு," என்றாள் பாலம்மாள். "குனிஞ்ச தல நிமிராம. நிமுந்து நடக்கிறது இந்த ஒரு நட தான். அதையும் பிடுங்கிராதீக நர்சம்மா."

ஞானபூரணி கட்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

மறுநாள் கோவில்பட்டி தாண்டுவதற்குள் வண்டி அடிக்கடி நின்றது. "மாட்டுக்கு லாடம் ஆடுது," என்று ஊர்க்காவலன் இறங்கிக் குனிந்து கொஞ்ச நேரம் தட்டுவார். வண்டி நின்றால் கூட்டம் நிற்கும். கூட்டம் நின்றால் பாலம்மாள் உட்காருவாள். அடுத்த மைல்கல்லுக்குள் அடுத்த மாட்டுக்கு லாடம் ஆடும்.

"ஏங்க, நாலு காலுலயும் லாடம் மாத்தியாச்சு, இன்னுமா ஆடுது?" என்று பாலம்மாள் கத்தினாள்.

"ரெண்டு மாட்டுக்கும் சேத்து எட்டுக் காலு," என்றார் அவர், நிமிராமல்.

எட்டயபுரத்துக்கு முன்னால் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடக் கட்டடம் பேசி வைத்திருந்தார்கள். பள்ளி விடுமுறை. இரண்டு பக்கமும் வாசல். மதியச் சாப்பாடு முடிந்து மழை பிடித்துக்கொண்டதால் எல்லாரும் உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். தீக்குப் பயந்து, சமையல் அடுப்பை இவர்கள் வழக்கப்படி ஒரு வயல்காடு தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் வைத்திருந்தார்கள். சோறு வந்து சேரும்போது ஆறிப்போயிருந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் தீபாவளியில் மிச்சம் வைத்த சரவெடி ஒன்று இருந்திருக்கிறது. மழையில் நமத்துப்போகும் முன் வெடித்துவிடலாம் என்று பள்ளிக்கூடச் சுவரோரம், தாழ்வாரத்தில் வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள்.

முதல் வெடி வெடித்ததுதான் தெரியும். கட்டடத்தில் ஆள் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் விழிப்பதற்கு முன்பே கால் ஓடிவிட்டது. பாதிப் பேர் இந்த வாசல், பாதிப் பேர் அந்த வாசல். யாரும் யாரையும் இடிக்கவில்லை, யாரும் கத்தவும் இல்லை. சரம் வெடித்து முடிவதற்குள் மொத்தக் கூட்டமும் கொட்டுகிற மழையில், பக்கத்துச் சோளக்காட்டில், முழங்கால் சேற்றில் நின்றது. நாட்டுக்கே பட்டாசு செய்து அனுப்புகிறவர்கள், நான்கு பொடிப் பிள்ளைகள் வைத்த வெடிக்கு இப்படி ஓடியதைப் பார்த்து அந்தப் பிள்ளைகளே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

உள்ளே மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஞானபூரணிக்கு ஓட வேண்டும் என்று தெரியவில்லை. பாலம்மாளால் ஓட முடியவில்லை. சத்தம் கேட்டதும் எழுந்தவள், ஓர் எட்டு வைத்து, மடங்கி உட்கார்ந்துவிட்டாள். ஞானபூரணியின் மணிக்கட்டை அவள் பிடித்த பிடி, வளையல் தடம் பதிகிற அளவுக்கு இறுகியிருந்தது. வெளியே புகை கலைந்து, நடந்தது என்ன என்று தெரிந்த பிறகும் பிடி தளரவில்லை.

வெளியே ஆள் எண்ணினார்கள். விபத்து என்றால் ஓடி முடித்ததும் முதல் வேலை அதுதான். "மதினி எங்க? மதினிய எங்கலே?" என்று சீனிச்சாமியின் குரல் உடைந்து கேட்டது. சேறும் சகதியுமாக அவன்தான் முதலில் திரும்பி ஓடி வந்தான்.

பாலம்மாள் அதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "என்னலே இப்பிடி ஓடுறீக? நம்ம செஞ்ச சரத்தோட சத்தம் நமக்குத் தெரியாதா? மூணாவது வெடி நமத்துக் கேட்டுச்சே, அப்பவே நெனச்சேன், இது நீ கலந்த மருந்துன்னு."

பின்னால் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீனிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த அவள் காலைப் பார்த்தான். கட்டுத் துணியில் இரத்தம் ஊறி, தரையில் வட்டமாகப் படிந்திருந்தது. அவன் ஞானபூரணியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பக்கத்தில் நின்ற சொர்ணலட்சுமியும் பார்த்துவிட்டாள். பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கிற, சஷ்டிக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கிற பெண் அவள்.  சீனிச்சாமி வாயடைத்து நின்றதை அன்றுதான் பலரும் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், கூட்டத்தின் முன்னால் போய்க்கொண்டிருந்த சீனிச்சாமி, பாதை நடுவில் 'அம்மாடி' என்று உட்கார்ந்துவிட்டான்.

"என்னலே?"

"கால் மதினி. தொடையோட பிடிச்சு இழுக்குது. நேத்து ஓடுன ஓட்டம்." முகத்தை அப்படி ஒரு கோணலாக வைத்துக்கொண்டான். கூத்தில் வேஷம் கட்டுகிறவன்கூட அவ்வளவு கோணமாட்டான். "என்னால அடுத்துத் தங்குற குறுக்குச்சாலை வரைக்கும்லாம் ஏலாது."

"ஒனக்கா? ஒன் காலா?"

"எனக்கும்தான் அத்த," என்றாள் சொர்ணலட்சுமி. "வெரதம் வேறயா, கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது."

அதன் பிறகு ஒவ்வொருவராக. ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு நரம்பு, ஒருவருக்குப் பழைய சுளுக்கு. ஞானபூரணி மருந்துப் பெட்டியைத் திறந்துகொண்டு ஓடினாள். சீனிச்சாமியின் தொடையைத் தொட்டதும் அவன் தலையைத் தாழ்த்தி, "மருந்து வேண்டாம் நர்சம்மா, சும்மா தேய்க்கிற மாதிரித் தேய்ங்க," என்று முணுமுணுத்தான். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மிகக் கவனமாக, ஒன்றுமில்லாத தொடைக்குக் களிம்பு தேய்த்தாள்.

கடைசி ஆளின் கால்தான் அளவு என்று சொன்னவள் பாலம்மாள். இப்போது எல்லாருமே கடைசி ஆள். அவளால் மறுக்க முடியவில்லை. ஆவணியில் பேசி வைத்த ஊர்களையெல்லாம் விட்டுவிட்டு, பாதி வழியிலேயே புது இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

வெறுங்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியும் உடைமரமும். ஆனாலும் பாலம்மாளுக்கு முகம் தெளிந்தது. ஒரு கிணற்றடியில் துணி துவைத்தவளிடம் பருப்பைப் பற்றி விசாரித்தாள். கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில் ஒரு தகரக் கூரை. பருத்திக் குடோன். இரண்டு வாசல்.

குடோன் காவல்காரருக்கு முதலில் இரக்கம்தான். "எந்த ஊருய்யா நீங்க?"

"தாயில்பட்டி. பட்டாசுக் கம்பெனி."

அவர் கையில் இருந்த கம்பைக் குறுக்கே நீட்டினார். "பட்டாசுக் கம்பெனி ஆளுகளா? பருத்திக் குடோனுக்குள்ளயா? வேற வினையே வேண்டாம். போங்க, போங்க!"

"அண்ணாச்சி, இந்த நாட்டுலயே தீயக் கண்டு ரொம்பப் பயப்படுறவுக நாங்கதான்," என்றாள் பாலம்மாள். "ஒங்க மடியில பீடி இருக்கா?"

"இருக்கு."

"தீப்பெட்டி?"

"இருக்கு."

"அப்ப நீங்க வெளிய நில்லுங்க. எங்க ஆளுக உள்ள போகட்டும்."

சொன்னதோடு விடவில்லை. கம்பெனி வாசலில் செய்கிற மாதிரியே ஆண்களை வரிசையாக நிறுத்தி மடியை உதறச் சொன்னாள். சீனிச்சாமியின் இடுப்பிலிருந்து ஒரு பீடிக் கட்டு விழுந்தது. "தொட நரம்புக்கு இதுவும் மருந்தோ?" என்றாள். காவல்காரர் சிரித்துவிட்டார். குடோன் கதவு திறந்தது. மெத்தை மாதிரிச் சாக்கு மூட்டைகள். அன்றைக்கு அவரவர் தூங்கிய தூக்கத்தை வெகு காலம் பேசிக்கொண்டார்கள். பாலம்மாள் ஒரு மூட்டையின் மேல் காலைத் தூக்கி வைத்துத் தூங்கினாள்.

அதன் பின் நடை அப்படித்தான் போயிற்று. கொஞ்ச தூரம், ஒரு புளியமரம். கொஞ்ச தூரம், ஒரு தண்ணீர்ப் பந்தல். தினமும் அவள் புதுப்புது இடம் பிடித்தாள். ஒரு ஊரில் சத்திரக்காரர் மோர் கொடுத்தார். ஒரு ஊரில் கோயில் பூசாரி கோபித்துக்கொண்டு பின் தானே பாய் கொண்டு வந்தார். ஊர்க்காவலன் மாடுகளுக்கு லாடம் ஆடுவது நின்றுவிட்டது. ஞானபூரணி ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலருக்குக் களிம்பு தேய்த்து, நடுவில் ஒரு காலுக்கு மட்டும் உண்மையாகவே கட்டு மாற்றினாள். குழி ஆழமாகவில்லை. அதுவே அவளுக்குப் போதும்.

தூத்துக்குடியில் வைத்துத்தான் கணக்கு இடித்தது. இந்த நடைக்குச் சூரசம்ஹாரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மறுநாள் திருக்கல்யாணத்துக்குத்தான் ஆகும். பாலம்மாள் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துச் சொன்னாள். "ஏலக்கூடியவுக முன்னால போயிருங்க. சூரசம்ஹாரம் பாக்கத்தான வருசம் பூராவும் காத்துக் கெடக்கோம். நான் பின்னால வாரவுகளக் கூட்டிக்கிட்டு வாரேன். வண்டி என்னோட வரட்டும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. விரதம் இருந்த சொர்ணலட்சுமி, சேவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுடைய கல்யாணத்துக்காக நேர்ந்துகொண்ட விரதம் அது. சம்ஹாரம் கண்டு முடிக்க வேண்டிய விரதம்.

"சொர்ணம், நீயாவது போ தாயி."

"எனக்குக் கண்ணு இருட்டுது அத்த."

"சீனி?"

"சூரன் வருசா வருசம் சாகத்தான போறான் மதினி," என்றான் அவன். "அவனுக்கு என்ன அவசரம், எனக்கு என்ன அவசரம்?"

பாலம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முக்காணியில் ஆற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும், அங்கே பருப்பு சீக்கிரம் வேகும் என்று சொல்லி எழுந்தாள்.

சம்ஹாரம் நடந்த சாயங்காலம் அவர்கள் ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தார்கள். திருச்செந்தூர்த் திசையில் வானத்தைப் பார்த்து எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. சீனிச்சாமி, "இந்நேரம் விழுந்திருப்பான்," என்றான். சொர்ணலட்சுமி விரதத்தை அங்கேயே, ஒரு வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டாள்.

திருச்செந்தூருக்குப் பாலம்மாள் நடந்துதான் போய்ச் சேர்ந்தாள். நிமிர்ந்துதான் நடந்தாள்.

பிற்பாடு ஞானபூரணி விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனாள். அந்தக் கால் முழுசாக ஆறத் தையும் மாசியும் ஆயிற்று. அதற்காகப் பாலம்மாள் வாராவாரம் பஸ் ஏறி வந்தாள். வரும்போதெல்லாம் அடுத்த ஆவணியில் எந்தெந்த ஊர்களைப் பார்க்கலாம் என்று பேசுவாள். ஆனால் ஞானபூரணிக்கு அவளை நினைக்கும்போது முதலில் வருவது அந்தத் திருச்செந்தூர்ச் சாயங்காலம்தான்.

மற்றவர்கள் எல்லாரும் கடலில் இறங்கியிருந்தார்கள். கட்டு நனையக் கூடாது என்பதால் பாலம்மாள் மணலில் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குள் போகாத ஞானபூரணியும் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு இருந்தாள். தூரத்தில் சீனிச்சாமி அலையில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். கரையேறியவன், இவர்கள் பார்ப்பதைக் கண்டதும், சட்டென்று நொண்ட ஆரம்பித்தான்.

பாலம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் ஞானபூரணி நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"எட்டயபுரத்துல வலது காலு. தூத்துக்குடியில எடது காலு. இப்ப என்னன்னா மறுபடி வலது காலு," என்றாள். "கூறுகெட்ட பய. ஒரு காலப் பிடிச்சு ஒழுங்கா நொண்டத் தெரியுதா பாரு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

"அவன் ரோட்டுல ஒக்காந்தானே, அப்பவே. எத்தன வருசமா ஆளுக காலப் பாத்துக்கிட்டே வாரேன், எனக்குத் தெரியாதா?" கட்டின்மேல் ஒட்டியிருந்த மணலை மெதுவாகத் தட்டிவிட்டாள். "சூரசம்ஹாரத்த விட்டுட்டு நின்னாகளே... அந்தச் சொர்ணம் பிள்ள..."

 ஓர் அலை வந்து திரும்பிப் போயிற்று. பிறகு பாலம்மாள் ஞானபூரணி பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அத்தனை நாளும் 'நர்சம்மா' என்றும் 'நீங்க' என்றும் பேசி வந்தவள், முதல் தடவையாக அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எனக்குத் தெரியும்னு நீ அவுககிட்டச் சொல்லிராத தாயி. தெரியாத மாதிரியே இருக்கட்டும். அடுத்த வருசமும் வருவாகல்ல, அப்ப அந்தச் சீனிப்பய எந்தக் காலுல வலிக்குதுன்னு சொல்றானோ, அந்தக் காலுக்கே மருந்து தேச்சு விடு."